விருந்தும் தூதும்: செங்கண்மாத்து நன்னன் அவை

திருவண்ணாமலையினின்று மேற்கே கிருஷ்ணகிரியை நோக்கிச் செல்லும் பெருவழியில், ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தொலைவில், சேயாற்றை அடுத்து அமைந்துள்ளது செங்கம் என்னும் ஊர். பேருந்தில் அவ்வழியே போவார் அங்கே தேநீர் அருந்துமளவு நின்று மேற்செல்வர். இவ்வூரின் பண்டைப் பெயர் செங்கண்மா என்பதும், தொண்டைநாட்டு 24 கோட்டங்களுள் ஒன்றாகிய பல்குன்றக் கோட்டத்தைச் சார்ந்த மூதூர் இஃது என்பதும், நன்னன் சேய் நன்னன் என்னும் வேள் இங்கு வீற்றிருந்தான் என்பதும் தமிழ் கற்றார் அறிந்தனவே. அவனைப் பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். அவர் பாடிய மலைபடுகடாம் பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாக, 583 அடிகளில், நமக்குக் கிட்டியிருக்கின்றது. ஏட்டுச் சுவடிகளில் மறைந்து கிடந்த பத்துப்பாட்டினை நச்சினார்க்கினியர் உரையுடன் 1889-ஆம் ஆண்டில் அச்சேற்றித் தந்த பெருமை மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்களுக்கு உரியது.

இப்பாட்டு கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெறும். நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையால் வாடி எதிரே வரும் கூத்தர் கூட்டத்தைக் கண்டு, "இன்ன வழியாகச் செல்லுங்கள், இன்னின்ன பெறுவீர்கள்" என்று ஆற்றுப்படுத்துவதாக அமைந்தது. வள்ளல் ஒருவனைப் புகழ்ந்து பரிசில் வேண்டும் நூல் இது என்ற அளவில் பலர் இதனை மூடி வைத்துவிடுகின்றனர். தேர்வுக்கு வரும் அடிகளுக்கு அப்பால் செல்லாத மாணவரைக் குறை கூறுதலும் இயலாது, நடை கடினமானதுதான். ஆயினும், சிற்றரசன் ஒருவன் தன் நாட்டிற்கு வரும் அயலாரை எல்லையிலிருந்து அவை வரையில் எவ்வாறு ஏற்றுக் காத்து அனுப்பினான் என்பதனை அடிதோறும் எடுத்துரைக்கும் அரசியல் நூலாகவும் இதனைப் படிக்கலாம். அவ்வாறு படித்தற்கு அரபு நாட்டுப் பாலைநில வழக்கம் நல்ல துணையாகும்.

பாலைநிலத்தில் வழிப்போக்கன் உயிர் பிழைத்தல் அடுத்த கூடாரத்தாரின் மனத்தைப் பொறுத்தது. நீர் அவர் கிணற்றில் உள்ளது. நிழல் அவர் கூடாரத்தில் உள்ளது. ஆதலின், கூடாரத்தின் வாயிலுக்கு வந்தவன் யாவனாயினும், பகைக்குலத்தானே ஆயினும், மூன்று நாள் அளவும் உணவும் காவலும் அளித்தல் அங்கே கடமையாயிற்று. அவ்வீட்டு உப்பு அவன் வயிற்றில் உள்ளவரை அவனுக்குத் தீங்கு வாராமற் காத்தல் விருந்தளித்தான் பொறுப்பு. ஒரு குலத்தின் நிலத்தைக் கடந்து செல்வோன் அக்குலத்தாருள் ஒருவனைத் துணையாகக் கொண்டு செல்வான். அத்துணைவனை ரபீக் என்பர். ரபீக் உடன்வரும் வரையில் அவன் குலத்தார் யாரும் அவ்வழிச் செல்வோனைத் தொடுதல் ஆகாது. ஓலையும் முத்திரையும் இல்லாத உடன்படிக்கை என்றே இதனைச் சொல்லலாம்.

தலைவனுடைய அவையிலும் இவ்வழக்கமே விரிந்து நின்றது. 19-ஆம் நூற்றாண்டில் வட அரேபியாவின் ஹாயில் நகரில் இபின் ரஷீத் குடியினர் ஆண்டனர். அங்கே சென்று வந்த ஐரோப்பியர் சிலர் அவ்வரண்மனையின் விருந்துக்கூடத்தைப் பற்றி எழுதியுள்ளனர்; அவருள் சார்லஸ் டவுட்டி என்பார் அந்நகரை அடைந்தது 1877-ஆம் ஆண்டு. நாடோறும் வந்து சேரும் நாடோடிகளுக்கெல்லாம் அரசன் செலவில் அங்கே உணவு அளிக்கப்பட்டது. உண்டவன் பின்னர் அரசன் அவைக்குச் செல்வான். தன் குறையைச் சொல்வான். தான் வந்த வழியில் கண்ட செய்திகளையும் சொல்வான். எந்தக் கிணறு வற்றியது, எந்தக் குலம் எங்கே பெயர்ந்தது, யார் யாருடன் பகைத்தனர் என்பனவெல்லாம் இவ்வாறே அரசன் செவிக்கு எட்டின. ஒரு பிடி சோறு பல ஒற்றர்களின் வேலையைச் செய்தது எனலாம்.

காப்பி வழங்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. அரிய வேண்டுகோளோடு வந்த விருந்தினன் தனக்கு அளித்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பருகாமல் இருப்பான். தலைவன் அதன் குறிப்பை உணர்ந்து, "பருகுக, நீ வேண்டியது ஆகும்" என்று உரைத்த பின்னரே அவன் எடுப்பான். கிண்ணம் பருகப்படாமலே திரும்புதல் அவ்வீட்டிற்கு இழிவு. காப்பி வழங்கும் வழக்கத்தையும், மஜ்லிஸ் எனப்படும் அவைக்கூட்டத்தையும் மனித இனத்தின் பண்பாட்டுச் செல்வங்களாக யுனெஸ்கோ நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் பட்டியலிற் சேர்த்தது.

இனி நம் மலைநாட்டிற்கு மீள்வோம். இங்கே மணல் இல்லை; நீருக்குக் குறைவில்லை. ஆயினும் அயலானுக்கு இடர் குறைந்த நிலமன்று இது. பாட்டில் வழிகாட்டுவோன் கூறும் எச்சரிக்கைகளை நோக்குக. தினைப்புனத்தை அழிக்க வரும் பன்றிகளுக்குப் பொறி வைத்திருப்பார்கள். ஆதலின் இருளில் நடவாது நன்றாக விடிந்த பின்னர்ச் செல்லுதல் வேண்டும். பாம்பு உறையும் குழிகள் உண்டு. குறித்துக்கொண்டு விலகிச் செல்லுதல் வேண்டும். பரண்மேல் இருக்கும் புனங்காவலர் யானையை ஓட்டக் கவணாற் கல் எறிவார்கள். அது கூத்தர்மேற் படினும் படும். ஆதலின் மரங்களின் பின்னே மறைந்து செல்லுதல் வேண்டும். பாசி படிந்த பாறைகளில் அடி வழுக்கும். கொடிகளைப் பற்றிக்கொண்டு நடத்தல் வேண்டும். கண்ணைக் கவரும் காட்சிகள் பல உண்டு. அவற்றில் மயங்கி நின்றால் வழி தப்பும். நேரிற் சென்று மீண்டவனன்றி வேறு யாரும் இவ்வளவு நுட்பமாக வழி கூறுதல் அரிது.

இவ்விடர்களுக்கிடையே கூத்தரைக் காத்து நின்றது நன்னன் என்னும் பெயரே. மலைச் சிற்றூரில் நுழையும்போது, "யாம் நன்னனிடம் செல்கின்றோம்" என்று சொன்னாற் போதும். சொந்த வீட்டிற்குள் செல்வது போலத் தயங்காமற் செல்லலாம். அவ்வூரார் உறவினரைப் போல ஏற்றுத் தினைச்சோறும் இறைச்சியும் படைப்பர். மூங்கிற் குழாயில் விளைந்த தேறலும் தருவர். ஆயர் குடியிற் பாலும் படுக்கத் தோலும், விலங்கு அணுகாமற் காக்கும் நெருப்பின் அருகே இடமும் கிடைக்கும். வில்லேந்தி வழியிற் காவல் நிற்கும் மறவரை எதிர்ப்பட்டாலும் அஞ்சவேண்டுவதில்லை. செல்லும் இடத்தைக் கூறினால் அவர்களே கிழங்கும் ஊனும் தந்து வழிவிடுவர். ஆற்றங்கரை உழவரிடம் வந்தால் வெண்சோறும் மீனும் உண்டு. அரபு நாட்டில் ரபீக் செய்யும் வேலையை இங்கே அரசனின் பெயர் செய்தது. நன்னன் கூத்தரை ஒருமுறையும் கண்டதில்லை. அவர் வருகையை அறிந்தவனுமல்லன். அங்ஙனமிருந்தும் குறவரும் ஆயரும் காவலரும் உழவரும் அவன் சார்பில் விருந்தோம்பினர். விருந்தோம்பும் கடமை தன் குடிகளின் கடைசி வீடுவரை பரவியிருக்குமாறு ஆண்ட அரசனிடமன்றி இது நிகழாது.

வழியிற் காணும் நடுகற்களைப் பற்றியும் வழிகாட்டுவோன் ஒரு சொல் சொல்கின்றான். போரிற் புறங்கொடாது இறந்தவரின் பெயரும் புகழும் பொறித்த கற்கள் அவை; அங்கே யாழை இசைத்து வணங்கி விரைந்து செல்க என்கின்றான். வேற்று நாட்டார் அந்நாட்டின் இறந்த வீரர்க்குச் செலுத்தும் முதல் மரியாதை இஃது. இக்காலத்து அரசாங்க விருந்தினர் தலைநகரிற் போர்வீரர் நினைவிடத்திற்கு மலர்வளையத்துடன் செல்வதனை ஒப்பிட்டுக் கொள்க. செங்கத்தைச் சூழ்ந்த ஊர்களில் எண்ணிறந்த நடுகற்கள் பிற்காலத்திற் கண்டறியப்பட்டன. தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறை "செங்கம் நடுகற்கள்" என்னும் நூலை இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அக்கற்கள் பல்லவர் காலத்தனவும் பிற்பட்டனவும் ஆதலால், கூத்தர் கண்ட கற்கள் இவையே என்று கூறுதல் பொருந்தாது. ஆனால் அவ்வழக்கம் அம்மண்ணில் நெடுங்காலம் நிலைத்தது என்பதற்கு அவை சான்று. எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்துக் கல்லொன்று, வீரனோடு நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் சுட்டிப் போற்றுகின்றது.

இன்னொரு சிறு செய்தி; எனக்கு இப்பாட்டில் மிக விருப்பமான இடமும் இதுவே. வழிகள் பிரியும் சந்திகளில், தாம் செல்லும் வழியைத் துடைத்துத் தெளிவாக்கி, அங்கே புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுங்கள் என்று கூத்தருக்குக் கூறப்படுகின்றது. தமக்குப் பின்னே வரும் புதியோர் வழி தவறாமைப்பொருட்டு இது செய்யப்படுவது. விருந்தினராகச் செல்வோரும் அந்நாட்டின் வழிகளைப் பேணும் பொறுப்பில் ஒரு பங்கு ஏற்கின்றனர். இவ்வாறு புல்லை முடிந்து சென்ற முன்னோர் பலராலன்றோ நன்னன் வாயில் எல்லார்க்கும் தெரிந்த வாயிலாயிற்று.

செங்கண்மாவை அடைந்த கூத்தர் விழாக்கூட்டம் போன்ற நெரிசலையுடைய தெருக்களைக் கடந்து அரண்மனை வாயிலை அணுகுவர். அங்கே மலைவாழ் குடிகள் கொணர்ந்து வைத்த கையுறைகள் நிறைந்துள்ளன: ஆமான் கன்று, யானைக் கன்று, கரடிக் குட்டி, வரையாட்டுக் கிடாய், பாம்பைக் கொல்லும் கீரி, உடும்பு, மயில், காட்டுக்கோழிச் சேவல், முழவு போன்ற பலாப்பழம், இன்னும் பல. புலவர் இவற்றைப் பல அடிகளில் நிரல்படக் கூறுவதைக் கண்டு அலுப்படைவார் உளர். ஆனால் அச்சிற்றரசின் வருவாய் எத்தன்மையது என்பதனைக் காட்டும் கணக்கு இதுவே. காடும் மலையும் தருவது வாயிலில் வந்து சேர்கின்றது. அதே வாயிலின் வழியே யானையாகவும் ஆனிரையாகவும் பொன்னாகவும் பாடுநர்க்குப் போகின்றது. சேர்த்துப் பூட்டி வைக்கும் பண்டகசாலையைப் பற்றிய பேச்சு இங்கில்லை.

அவையின் ஒழுக்கம் இன்னும் சிறந்தது. நாவன்மையுடையார் கூடியிருக்கும் அவ்வவையில், சொல்லவந்ததைச் சொல்லமாட்டாது திணறுவோன் ஒருவன் வந்தால், அரசனுடைய சுற்றத்தார் அவன் குறையை மறைத்து, அவன் கருத்தைத் தாமே எடுத்துரைத்து, அவன் சோர்வடையாமல் நடத்துவர் என்று பாட்டுக் கூறுகின்றது. தூதுவரை நாணச்செய்து வென்றோம் என்று மகிழும் அவைகளே உலகிற் பல. வந்தோன் நாணாமற் பேசுதற்கு உதவும் அவை உண்மையான செய்தியைப் பெறும். நாணியவன் பாதியை மறைத்துச் செல்வான். பேச்சுப் போட்டிகளில் எதிர்க்கட்சியின் நாத்தடுமாற்றத்துக்கு ஆரவாரிக்கும் நம் மாணவர் சங்கங்கள் இவ்விடத்தைச் சிறிது உன்னிப்பாகப் படித்தல் நலம்.

நன்னன் கூத்தரை இன்முகத்தோடு நோக்கி, நுண்ணிய ஆடை உடுத்து, ஊனும் வெண்ணெற் சோறும் நாடோறும் அளிப்பான். எத்தனை நாள் தங்கினும் முதல் நாளில் இருந்த விருப்பம் குறையாது. பாலைநிலத்தில் மூன்று நாள் என்று வரையறுத்தமைக்கு நீரின் அருமை காரணம். வளமுள்ள மலைநாட்டில் அவ்வரையறை வேண்டாவாயிற்று. ஊர்க்குச் செல்ல விடைகேட்டால், தலைவனுக்குப் பொற்றாமரையும் விறலியர்க்கு அணிகலன்களும் தேரும் களிறும் குதிரையும் ஆனிரையும் தந்து அனுப்புவான்.

இஃது இவ்வளவும் ஏன்? இரக்கம் என்பது முதல் விடை, அது மெய்யே. ஆயினும் நன்னன் இருந்த சூழலையும் எண்ணுதல் வேண்டும். தெற்கே பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரில் மலையமான்கள் இருந்தனர். மேற்கே தகடூரில் அதியமான் இருந்தான். அவன் கோவலூரைப் போரில் வென்றவன். திருக்கோவலூரையடுத்த ஜம்பையில் 1981-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டொன்று அதியன் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இவர்களைச் சூழ மூவேந்தர் படைகள். இத்தகைய நிலையிற் சிற்றரசனுக்குப் படையால் வரும் காவல் சிறிது; நட்பாலும் புகழாலும் வரும் காவலே பெரிது. அப்புகழை நாடு கடந்து எடுத்துச் செல்வோர் பாணரும் கூத்தரும் புலவரும். எல்லை கடக்கும் உரிமை பெற்றிருந்தவரும் அவர்களே.

அக்காரணத்தாற் புலவர் தூதுவரும் ஆயினர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரை அறியாதார் இல்லை. தொண்டைமான் தன் படைக்கலச் சாலையைக் காட்டினான்; நெய் பூசி மாலை சூட்டி அழகாக வைத்த அவ்வேல்களைப் புகழ்வார் போலப் புகழ்ந்து, எம் அரசன் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்றார் அவர். அவர் அவ்வாறு உரைத்துவிட்டு உயிரோடு மீண்டது தொண்டைமானுடைய பெருமைக்கும் சான்று என்பதனை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம்.

எல்லா அவையும் அத்தகையனவாக இல்லை. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூர்க்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர்கிழார் குறுக்கிட்டுப் பாடிய பாட்டு புறநானூற்றில் 47-ஆம் பாட்டாக உள்ளது. நெடுவழி நடந்து வள்ளல்களைத் தேடிச் சென்று, பெற்றதைச் சுற்றத்தார்க்கு ஊட்டித் தாமும் உண்ணும் இவ்வாழ்க்கை பிறர்க்குத் தீங்கு செய்தது உண்டோ என்பது அவர் வாதத்தின் சாரம். புலவன் உயிர் பிழைத்தான். அரபு நாட்டில் தரஃபா என்னும் இளங்கவிக்கு இவ்வாறு பேச ஒருவர் வாய்க்கவில்லை. 6-ஆம் நூற்றாண்டில் ஹீரா நகரத்து அரசன் அம்ர் இபின் ஹிந்து, தன்னை இகழ்ந்து பாடிய சினத்தால், தரஃபாவிடமும் அவனுடைய மாமன் முதலம்மிஸ் என்பானிடமும் தனித்தனியே முத்திரையிட்ட ஓலையைக் கொடுத்து, பஹ்ரைன் தலைவனிடம் பரிசில் பெறுக என்று அனுப்பினான் என்பது அந்நாட்டு வழிவழிச் செய்தி. ஓலையில் எழுதியிருந்தது கொலைக்கட்டளை. மாமன் ஐயுற்றுத் தன் ஓலையைப் பிறரைக்கொண்டு படிப்பித்து, ஆற்றில் எறிந்து ஓடிப் பிழைத்தான். அரசன் முத்திரையை உடைக்க மாட்டேன் என்ற தரஃபா தன் சாவைத் தானே சுமந்து சென்றான். அம்ர் பின்னர் எத்தனை விருந்தளித்திருப்பினும் அரபு இலக்கியம் அவனை மன்னிக்கவில்லை.

அண்மைக்காலத்து நிகழ்ச்சி ஒன்றும் ஈண்டுக் கூறத் தக்கது. 1945-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் சவூதி அரேபிய மன்னர் இபின் சவூத், அமெரிக்கத் தலைவர் ரூஸ்வெல்ட்டை எகிப்து நாட்டின் பெரிய கசப்பேரியில் நின்ற குவின்சி என்னும் போர்க்கப்பலிற் கண்டார். ஜித்தாவிலிருந்து அவரை ஏற்றி வந்த மற்றொரு போர்க்கப்பலின் மேற்றளத்திற் கூடாரம் அடித்து, கம்பளம் விரித்து, ஆடுகளையும் உடன் ஏற்றி வந்தனர். கப்பல் அமெரிக்கருடையதே ஆயினும் தம் உணவை அவர்க்குப் பகிர்ந்தளித்தல் தம் கடமை என்பது மன்னர் துணிபு. ரூஸ்வெல்ட் புகை பிடிக்கும் வழக்கமுடையவர். மன்னர் முன்னிலையில் அதனைத் தவிர்த்தார். மன்னர் கால்நோயால் வருந்துதலைக் கண்டு தம் சக்கர நாற்காலிகளுள் ஒன்றை அளித்தார். சில நாள் கழித்து மன்னரைச் சந்தித்த சர்ச்சில், புகையும் மதுவும் தமக்கு விதி போன்றவை என்று கூறி இரண்டையும் விடாது கைக்கொண்டார். பாலஸ்தீனத்தைப் பற்றி ரூஸ்வெல்ட் கேட்டதற்கு மன்னர் இணங்கவில்லை. விருந்து உள்ளங்களை அணுகச் செய்யும். கருத்தை மாற்றுதல் அதன் வேலையன்று.

இனி, நன்னன் என்னும் பெயரைத் தாங்கிய வேறொருவனைப் பற்றியும் கூறுதல் வேண்டும். அவன் மேற்கே கொண்கானத்தவன். செங்கண்மா நன்னனின் வேறானவன். அவனுடைய காவல்மரத்து மாங்காய் ஒன்று ஆற்றில் மிதந்து வர, நீராடிய சிறுபெண் ஒருத்தி அதனை எடுத்துத் தின்றாள். அதற்காக அவளைக் கொல்லத் துணிந்தான். அவள் நிறைக்கு ஒத்த பொற்பாவையும் 81 களிறும் தருகின்றோம் என்று வேண்டியும் கேளாமற் கொன்றான். குறுந்தொகையில் இச்செய்தியைப் பரணர் வைத்துள்ளார். காலம் கடந்தது. பெருந்தலைச்சாத்தனார் என்னும் புலவர் ஒருநாள், இளங்கண்டீரக்கோவும் இளவிச்சிக்கோவும் ஒருங்கிருந்த இடத்திற்குச் சென்றார். முன்னவனைத் தழுவினார், பின்னவனைத் தழுவவில்லை. "என்னை ஏன் தழுவிலீர்?" என்று அவன் வினவினான். புலவர் விடையைப் புறநானூற்று 151-ஆம் பாட்டிற் காணலாம். நீ நன்னன் வழியில் வந்தவன். உன் குடியினர் பாடுவோர்க்குக் கதவை அடைத்தவர். அதனால் உம் மலையைப் பாடுதலை எம்மவர் விலக்கிவிட்டனர் என்றார். கண்டீரக்கோவின் நாட்டிலோ, தலைவன் நெடுந்தொலைவு சென்றிருக்கும் காலத்தும், வந்த பாடுநர்க்கு வீட்டு மகளிரே தம் தகுதிக்கேற்பப் பிடியானைகளைப் பரிசிலாக அளித்துவந்தனர்.